எஃகு மட்டை தந்த முதலை

டி-ஷர்ட்டின் இடது பக்க மார்பில் வாயைப் பிளந்தபடி ஒரு குட்டிப் பச்சை முதலை. பஸ் ஸ்டாண்டு நடைபாதைக் கடையிலிருந்து பெரிய நகரத்து ஏ.சி. ஷோரூம் வரை அதைப் பார்க்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. அசலா நகலா என்பது வேறு விஷயம். அந்த முதலை ஒரு மனிதரின் பட்டப்பெயர் என்பதும், அவர் ஒரு காலத்தில் உலகின் நம்பர் ஒன் டென்னிஸ் வீரராக இருந்தவர் என்பதும், டென்னிஸ் உலகத்துக்கு எஃகுக் குழாயில் மட்டை செய்து கொடுத்தவர் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பெயர் ரெனே லகோஸ்ட். பிரான்சு நாட்டுக்காரர்.

ஆண்டு மலருக்கு ஒரு சாதனையாளரின் வரலாறு எழுதித் தரும்படி நம் சங்கத்து நண்பர்கள் என்னிடம் கேட்டார்கள். விஞ்ஞானிகளும் தலைவர்களும் வரிசையாக நிற்க, இந்த முதலைக்காரரை நான் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. மெக்கானிக்கல் மூன்றாமாண்டு படிக்கிறேன், காலேஜ் ஷட்டில் டீமிலும் ஆடுகிறேன். அந்த ஒரே தகுதிக்காக, வருஷா வருஷம் ஜூனியர்கள் என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: அண்ணே, எந்த பேட் வாங்கலாம்?

கேட்கிற தம்பி தங்கைகளில் பாதிப் பேர் கையில் இருப்பது வீட்டில் சீட்டு எடுத்த பணம், இல்லையென்றால் லீவு நாளில் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம். டி.வி.யில் பார்த்த வீரர் எந்த பேட் வைத்திருக்கிறாரோ அதே பேட் வேண்டும் என்பார்கள். அது வந்துவிட்டால் ஆட்டமும் தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. நாலு மாதம் கழித்துத் தோள்பட்டை வலி என்று கிரவுண்டு பக்கமே வராமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லி மாளாது. லகோஸ்ட்டின் கதையை எழுதிவிட்டால் அதுவே பதில் சொல்லும் என்று தோன்றியது.

கார் கம்பெனி நிர்வாகியின் மகன்

1904-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் பாரிஸ் நகரத்தில் பிறந்தார் லகோஸ்ட். அப்பா ழான்-ழூல் லகோஸ்ட், ஹிஸ்பானோ-சூய்சா என்ற பெரிய கார் கம்பெனியில் உயர்ந்த நிர்வாகி. விலை உயர்ந்த கார்களும் விமான எஞ்சின்களும் செய்த கம்பெனி அது. ஆகவே எந்திரங்களின் பேச்சு பையனுக்குச் சின்ன வயசிலேயே காதில் விழுந்திருக்கும்.

டென்னிஸ் அவர் பிறவியோடு வந்ததில்லை. பதினைந்தாவது வயதில் அப்பாவோடு இங்கிலாந்து போனபோதுதான் முதன்முதலாக அந்த ஆட்டத்தில் ஈடுபாடு வந்தது. பெரிய வீரர்கள் ஆறு ஏழு வயதிலேயே மட்டை பிடித்துவிடுகிற விளையாட்டில், பதினைந்து வயது என்பது ரொம்பத் தாமதம். உடம்பும் வலுவான உடம்பில்லை. அவரோடு ஆடிய சக வீரர்களில் சிலருக்கு இருந்த பிறவி வேகமோ, கையில் மாயமோ இவருக்கு இல்லை என்றுதான் அக்காலத்தவர்கள் கணித்தார்கள்.

மகன் படிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு டென்னிஸ் ஆடப்போகிறேன் என்றதும், அப்பா ஒரு கெடு வைத்ததாகச் சொல்வார்கள். ஐந்து வருஷத்துக்குள் உலகத் தரத்தில் சாம்பியன் ஆகிவிட வேண்டும், முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும். நம்ம வீட்டு அப்பாக்கள் அரியர் பேப்பருக்கு வைக்கிற கெடுவைப் போலத்தான்! பையன் ஒப்புக்கொண்டார்.

நோட்டுப் புத்தகம்

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. திறமை குறைவு, வயசு தாமதம், கையில் கெடு. இந்த நிலைமையில் நாமாக இருந்தால் என்ன செய்வோம்? நல்ல மட்டையாகப் பார்த்து ஒன்று வாங்குவோம். லகோஸ்ட் கையில் எடுத்தது ஒரு நோட்டுப் புத்தகம்.

தன்னோடு மோதுகிறவர்கள் ஒவ்வொருவரையும் பற்றி அதில் எழுதி வைத்தார். எவருக்கு எந்தப் பக்கம் பலவீனம், எவர் எப்போது வலைக்கு ஓடி வருவார், நெருக்கடியில் எவர் எந்த அடியை நம்புவார் என்றெல்லாம் குறிப்புகள். நாம் லேபில் அப்சர்வேஷன் நோட்டு எழுதுகிற மாதிரி, அவர் எதிராளிகளை அப்சர்வ் செய்தார். வித்தியாசம் என்னவென்றால், நாம் பக்கத்து மேஜைக்காரன் ரீடிங்கைப் பார்த்து எழுதுவோம். அவர் தானே பார்த்ததை எழுதினார்.

எதிராளியைப் படித்தவர் தன்னையும் படித்தார். பாய்ந்து அடித்து வீழ்த்துவது தன்னால் ஆகாது என்று தெரிந்தது. கோர்ட்டின் பின்கோட்டருகே நின்று, வருகிற பந்தையெல்லாம் பிசகாமல் ஆழமாகத் திருப்பி அனுப்புவது, எதிராளி பொறுமை இழக்கும் வரை தான் இழக்காமல் இருப்பது, இதுதான் தன் ஆட்டம் என்று முடிவு செய்தார். அந்த ஆட்டத்துக்குத் தேவை ஒன்றே ஒன்று, ஓயாத பயிற்சி. ஓயாமல் பந்து போட்டுக்கொண்டே இருக்க எவர் கிடைப்பார்? ஆகவே பந்தை எறிகிற எந்திரம் ஒன்றைத் தானே வடிவமைத்தார். 1920-களின் பிற்பகுதியிலேயே இது நடந்துவிட்டது. இன்று டென்னிஸ் அகாடமிகளில் பந்து துப்பிக்கொண்டு நிற்கிற மெஷின்களுக்கு அது ஒரு பாட்டன் என்று சொன்னால் மிகையாகாது.

பலன் வராமல் போகுமா? 1924-இல் விம்பிள்டன் இறுதி ஆட்டத்துக்கு வந்து, தன் நாட்டுக்காரரான ழான் பொரோத்ராவிடம் தோற்றார். அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே பொரோத்ராவோடு ஜோடி சேர்ந்து இரட்டையர் வெண்கலம். மறு வருஷம் 1925-இல் பிரெஞ்சு சாம்பியன், விம்பிள்டன் சாம்பியன் இரண்டும் அவரே. இரண்டு இறுதி ஆட்டத்திலும் எதிரே நின்றவர் பொரோத்ராதான். அப்போது லகோஸ்ட்டுக்கு வயது இருபத்தொன்று. அப்பா வைத்த கெடுவை நினைத்துப் பாருங்கள்!

பிலடெல்பியா, 1927

அந்தக் காலத்து டென்னிஸ் உலகத்தின் சக்கரவர்த்தி அமெரிக்காவின் பில் டில்டன். 1920 முதல் 1925 வரை தொடர்ந்து ஆறு வருஷம் அமெரிக்க சாம்பியன். நாடுகளுக்கிடையே நடக்கிற டேவிஸ் கோப்பையும் 1920-இலிருந்து அமெரிக்காவிடமே இருந்தது. ஏழு வருஷமாக எவராலும் அதை அசைக்க முடியவில்லை.

பிரான்சில் அப்போது நான்கு பேர் சேர்ந்தார்கள். லகோஸ்ட், பொரோத்ரா, ஆன்ரி கோஷே, ஜாக் ப்ருஞோன். அலெக்ஸாந்தர் துமாவின் நாவலில் வருகிற வாள்வீரர்களின் நினைவாக அவர்களை நான்கு மஸ்கடியர்கள் என்று உலகம் அழைத்தது. இந்த நால்வரும் 1927 செப்டம்பரில் கப்பலேறிப் போன ஊர் பிலடெல்பியா.

முதல் நாள் லகோஸ்ட் பில் ஜான்ஸ்டனை வென்றார். டில்டன் கோஷேயை வென்றார். இரட்டையர் ஆட்டமும் அமெரிக்காவுக்கே போனது. இரண்டுக்கு ஒன்று என்ற நிலைமை. அடுத்த ஆட்டத்தில் லகோஸ்ட் தோற்றால் கதை முடிந்தது, எதிரே நிற்பவர் டில்டன். அந்த ஆட்டத்தில் லகோஸ்ட் வென்றார்! கடைசி ஆட்டத்தில் கோஷே ஜான்ஸ்டனைச் சாய்க்க, மூன்றுக்கு இரண்டு என்று கோப்பை முதன்முதலாக பிரான்சுக்குப் போனது. அங்கேயே ஆறு வருஷம் தங்கிவிட்டது. கோப்பையைக் காத்துக்கொள்ளும் ஆட்டங்களுக்காக 1928-இல் பாரிசில் கட்டிய மைதானம்தான் இன்று பிரெஞ்சு ஓபன் நடக்கிற ரோலண்ட் காரோஸ்.

அதே 1927-இல் பிரெஞ்சு இறுதி ஆட்டத்திலும் டில்டன்தான் எதிரே. ஐந்து செட் போய், கடைசி செட் 11-9 என்று லகோஸ்ட் பக்கம் சாய்ந்தது. அமெரிக்க இறுதி ஆட்டத்திலும் 11-9, 6-3, 11-9 என்று நேர் செட்களில் டில்டனை வென்றார். மொத்தக் கணக்கைப் பார்த்தால், பிரெஞ்சு சாம்பியன் மூன்று முறை (1925, 1927, 1929), விம்பிள்டன் இரண்டு முறை (1925, 1928), அமெரிக்க சாம்பியன் இரண்டு முறை (1926, 1927). ஆக ஏழு பெரும் பட்டங்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? இந்த ஏழு பட்டமும் மரமட்டையில் வந்தவை. டில்டன் கையில் இருந்ததும் மரம், பொரோத்ரா கையில் இருந்ததும் மரம். கருவியில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. வித்தியாசம் இருந்தது அந்த நோட்டுப் புத்தகத்தில்.

முதலை வந்த கதை

டேவிஸ் கோப்பை ஆட்டத்துக்காக அமெரிக்கா போயிருந்த சமயத்தில், ஒரு கடையில் இருந்த முதலைத்தோல் பெட்டியின் மேல் லகோஸ்ட்டுக்கு ஆசை. முக்கியமான ஒரு ஆட்டத்தில் ஜெயித்தால் அதை வாங்கித் தருவதாக டீம் கேப்டன் பந்தயம் கட்டினார். ஆட்டத்தில் தோல்வி. பெட்டி கிடைக்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் காதுக்கு விஷயம் போக, முதலை என்ற பெயர் மட்டும் கிடைத்தது. கவ்வினால் விடாத ஆட்டக்காரருக்கு அது பொருத்தமாகவும் அமைந்துவிட்டது. நண்பர் ரொபேர் ஜார்ஜ் ஒரு முதலை வரைந்து கொடுக்க, அதைத் தன் கோட்டில் பூவேலையாகத் தைத்துக்கொண்டார்.

சட்டைக் கதையும் இதோடு சேர்ந்ததே. அப்போதெல்லாம் டென்னிஸ் ஆடுகிறவர்கள் முழுக்கை வைத்த விறைப்பான வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஓட வேண்டும். வேர்வையில் நனைந்தால் கை தூக்கவே முடியாது. லகோஸ்ட் யோசித்தார். காற்றுப் புகுகிற மாதிரி பின்னிய பருத்தித் துணியில், அரைக்கையோடு, மெத்தென்ற காலரோடு ஒரு சட்டையை 1926 அமெரிக்கப் போட்டியில் அணிந்து ஆடினார். 1933-இல் ஆந்த்ரே ஜில்லியே என்ற பின்னலாடை உற்பத்தியாளரோடு கூட்டுச் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார். இன்று நாம் போடுகிற காலர் வைத்த டி-ஷர்ட்டின் வம்சம் அங்கிருந்து வருகிறது.

1929-க்குப் பிறகு உடல்நலம் ஒத்துழைக்கவில்லை. இருபத்தைந்து வயதில் பெரிய போட்டிகளை விட்டு ஏறக்குறைய ஒதுங்கிவிட்டார். ஆடாத கேப்டனாக இருந்து பிரெஞ்சு டீமை வழிநடத்தினார். 1930-இல் அவர் மணந்த சிமோன், 1927-இல் பிரிட்டிஷ் பெண்கள் கோல்ஃப் பட்டம் வென்றவர். குடும்பமே மட்டையும் கம்பும் பிடித்த குடும்பம் என்று சொல்லலாம்.

எஃகு மட்டை

சாதாரணமாக ஒரு சாம்பியனின் கதை இத்தோடு முடிந்துவிடும். லகோஸ்ட் விஷயத்தில் நமக்கு வேண்டிய அத்தியாயமே இனிமேல்தான்.

மரமட்டை எப்படிச் செய்வார்கள் என்று பாருங்கள். ஆஷ், பீச் போன்ற மரங்களை மெல்லிய பட்டைகளாக அறுத்து, பசை போட்டு ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, வளைத்து எடுப்பார்கள். நரம்பு கோப்பதற்கு அந்த வளையம் முழுக்க ஓட்டை போட வேண்டும். ஓட்டை போட்ட இடமெல்லாம் பலவீனம். ஈரம் பட்டால் மரம் முறுக்கிக்கொள்ளும். அதனால் ஆடி முடித்ததும் நாலு மூலையிலும் திருகாணி வைத்த மரச்சட்டத்துக்குள் மட்டையை இறுக்கி வைப்பார்கள். பழைய சினிமாவில் கதாநாயகன் டென்னிஸ் மட்டையோடு வரும்போது அந்தச் சட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். இத்தனைக்கும் மேலே, வளையத்தைப் பெரிதாக்கினால் நரம்பின் இழுவிசை தாங்காமல் வளைந்துவிடும் என்பதால் மரமட்டையின் முகமும் சின்னதாகவே இருந்தது.

1960-களின் தொடக்கத்தில், அறுபது வயதை நெருங்குகிற லகோஸ்ட் இதற்கு ஒரு மாற்று கொண்டுவந்தார். எஃகுக் குழாயை வளைத்து மட்டை! நம்ம ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். வளைவை எதிர்ப்பதில் பெரும் பங்கு வெளிவிளிம்பில் இருக்கிற பொருளுக்கே. நடுவில் இருப்பது பெரும்பாலும் சும்மா பாரம். ஆகவே உள்ளே கூடாக இருக்கிற குழாய், குறைந்த எடையில் நிறைய விறைப்பைக் கொடுக்கும். சைக்கிள் ஃபிரேம் குழாயாக இருப்பது இதனாலேதான். எஃகு மரத்தைப் போலப் பத்து மடங்கு கனமான உலோகம், ஆனாலும் மெல்லிய குழாயாக்கினால் கை தாங்குகிற எடைக்குள் அடங்கிவிடுகிறது.

நரம்பு கோக்க ஓட்டை போட்டால் குழாய் பலவீனமாகிவிடுமே? அதற்கும் வழி வைத்திருந்தார். வளையத்தைச் சுற்றி ஒரு கம்பியைச் சுருளாக ஓட்டி, அந்தச் சுருளின் கண்களில் நரம்பை மாட்டினார். குழாயில் நரம்புக்கு ஓட்டையே கிடையாது. கைப்பிடிக்கும் வளையத்துக்கும் நடுவே இரண்டு குழாய்கள் பிரிந்து போக, இடையே காற்று புகுந்து போகும். வீசுவது சுலபம்.

இதன் அமெரிக்க உரிமையை வில்சன் கம்பெனி பெற்று 1967-இல் டி-2000 என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. அந்த ஆண்டு அமெரிக்க சாம்பியன் பட்டத்தைப் பெண்களில் பில்லி ஜீன் கிங் எஃகு மட்டையோடு வென்றார். லகோஸ்ட் வீட்டுக்கு அது இரட்டிப்பு சந்தோஷ வருஷம். சில வாரங்களுக்கு முன்னாலேதான் மகள் காத்தரின் அமெரிக்கப் பெண்கள் ஓபன் கோல்ஃப் பட்டத்தை அமெச்சூராக நின்று வென்றிருந்தார்.

ஒரு வலை, இரண்டு மட்டை

எஃகு மட்டை வந்ததும் எல்லாரும் ஜெயித்துவிட்டார்களா? அதுதான் இல்லை. அதே 1967 போட்டியின் ஆண்கள் இறுதி ஆட்டத்தில் கிளார்க் கிரேப்னர் எஃகு மட்டையோடு வந்தார். மரமட்டையோடு வந்த ஜான் நியூகோம்ப் அவரை வென்றார்.

டி-2000 மட்டையில் ஒரு குணம் உண்டு. கம்பிச் சுருளில் நரம்பு தொங்குவதால் பந்து பட்டதும் ஸ்பிரிங் மாதிரி உதைத்துத் தள்ளும். வேகம் வரும், ஆனால் பந்து எங்கே போய் விழும் என்பதைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். பலர் வாங்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். ஒருவருக்கு மட்டும் அது பிறந்த நாளிலிருந்து கையில் இருந்தது போல ஒட்டிக்கொண்டது. அவர் ஜிம்மி கானர்ஸ். பந்தை ஏறும்போதே சந்தித்து, தட்டையாக, வலைக்கு மேலே ஒட்டி அடிக்கிற ஆட்டம் அவருடையது. மட்டை கொடுக்கிற உதையை அந்த ஆட்டம் அப்படியே வாங்கிக்கொண்டது. 1974-இல் விம்பிள்டன், அமெரிக்க ஓபன் இரண்டையும் அதைக்கொண்டே வென்றார். மற்ற வீரர்கள் புதுப்புது மட்டைக்கு மாறிய பிறகும் 1980-கள் வரை அவர் அதை விடவில்லை.

கானர்ஸின் பரம எதிரி சுவீடனின் பியான் போர்க். அவருடைய மட்டை மரம். அதில் நரம்பை ஏறக்குறைய 80 பவுண்டு இழுவிசையில் கட்டச் சொல்லுவார். அவ்வளவு இறுக்கமான நரம்பு உதைக்காது. அடிக்கிறவர்தான் முழு வேகத்தையும் தர வேண்டும். போர்க் பந்தைக் கீழிருந்து மேலே முழுக் கையோடு உருட்டி அடிப்பார். அவருக்கு வேகம் சொந்தமாக இருந்தது, மட்டையிடம் கேட்டது கட்டுப்பாடு மட்டுமே.

இந்த இருவரும் மோதிய இறுதி ஆட்டங்களைப் பாருங்கள். 1976 அமெரிக்க ஓபன் கானர்ஸுக்கு. 1977 விம்பிள்டன் போர்க்குக்கு. 1978 விம்பிள்டன் போர்க்குக்கு. 1978 அமெரிக்க ஓபன் கானர்ஸுக்கு. எஃகா மரமா என்று கேட்டால் இதில் என்ன பதில் சொல்வது? கானர்ஸ் கையில் மரத்தையும் போர்க் கையில் எஃகையும் மாற்றிக் கொடுத்திருந்தால் இரண்டு பேருமே திண்டாடியிருப்பார்கள். அவரவர் ஆட்டத்துக்கு அவரவர் மட்டை.

லகோஸ்ட் திறந்துவிட்ட கதவு வழியாகப் பிறகு பலர் வந்தார்கள். அவர்களில் ஹோவர்ட் ஹெட் என்ற அமெரிக்கர் நம் இனம். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், உலோகப் பனிச்சறுக்குப் பலகை செய்து பேர் வாங்கியவர். ஓய்வுக்காலத்தில் டென்னிஸ் கற்க ஆரம்பித்து, சரியாக வராததால் பந்து எறிகிற மெஷின் ஒன்று வாங்கினார். மெஷின் சரியில்லை என்று அதைத் திருத்தினார். பிறகு மட்டையே சரியில்லை என்று அதையும் திருத்தினார். பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் மட்டை கையில் திருகிக்கொள்கிறதே, அதற்கு மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா கூட வேண்டும், ஆகவே முகத்தை அகலமாக்கு என்பது அவர் கணக்கு. 1976-இல் பிரின்ஸ் என்ற பெயரில் அந்த அகல மட்டை வந்தது. சிரித்தவர்கள் நிறையப் பேர். 1978 அமெரிக்க ஓபனில் பதினாறு வயதுப் பெண் பாம் ஷ்ரைவர் அதே மட்டையோடு இறுதி ஆட்டம் வரை வந்ததும் சிரிப்பு அடங்கியது.

லகோஸ்ட் 1996-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள், பிரான்சின் தென்மேற்கே சேன்-ழான்-து-லூஸ் என்ற கடலோர ஊரில் தமது தொண்ணூற்றிரண்டாம் வயதில் மறைந்தார். சட்டைக்காக அவரை நினைப்பவர்கள் கோடிப் பேர். மட்டைக்காக நினைப்பவர்கள் கொஞ்சப் பேர். நோட்டுப் புத்தகத்துக்காக நினைக்கிறவர்களாக நாம் இருப்போமே!

உன் ஆட்டம், உன் பேட்

இனி ஜூனியர்களின் கேள்விக்கு வருகிறேன். லகோஸ்ட்டின் வாழ்க்கையில் வரிசையைப் பாருங்கள். முதலில் நோட்டு, அப்புறம் பயிற்சி, அப்புறம் பட்டம், மட்டை கடைசி. நாம் தலைகீழாக ஆரம்பிக்கிறோம்.

கடைக்குப் போகிறதுக்கு முன்னால் பதினைந்து நாள், இரவல் பேட்டில் ஆடினாலும் பரவாயில்லை, ஒரு பழைய ரெக்கார்டு நோட்டில் எழுதுங்கள். இன்று எப்படிப் பாயிண்ட் எடுத்தேன்? எப்படி விட்டேன்? பின்னால் நின்று ஸ்மாஷ் அடித்து எடுத்ததா, வலை பக்கம் நின்று தட்டி எடுத்ததா? டபுள்ஸில் அதிகமா, சிங்கிள்ஸில் அதிகமா? கை எங்கே வலித்தது? இது தெரிந்த பிறகு பேட் தேர்வு பாதி முடிந்துவிடும். மீதிப் பாதி இதோ.

எடை: ஷட்டில் பேட்டில் 3யு, 4யு என்று எழுதியிருக்கும். 3யு என்றால் 85 முதல் 89 கிராம் சொச்சம், 4யு என்றால் 80 முதல் 84 கிராம் சொச்சம். எண் கூடக்கூட எடை குறையும். புதிதாக ஆடுகிறவர்களுக்கும், கை தசை இன்னும் ஏறாதவர்களுக்கும் 4யு தோதாக இருக்கும். ஐந்து கிராமில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான தடவை அதை வீசுகிறோம்.

சமநிலை: பேட்டின் தண்டில் ஆள்காட்டி விரலைக் கொடுத்து, சாயாமல் நிற்கிற இடத்தைப் பாருங்கள். அந்த இடம் மற்ற பேட்டுகளை விடத் தலைப்பக்கம் தள்ளி இருந்தால் அது தலைகனம். பின்னால் நின்று ஸ்மாஷ் அடிக்கிறவர்களுக்கு உதவும். கைப்பிடிப் பக்கம் தள்ளி இருந்தால் சட்டென்று திரும்பும். வலை பக்கம் ஆடுகிறவர்களுக்கும், டபுள்ஸில் தடுத்து ஆடுகிறவர்களுக்கும் அது நல்லது.

தண்டின் விறைப்பு: விறைப்பான தண்டு, வேகமாகக் கை வீசுகிறவர்களுக்குத் துல்லியம் கொடுக்கும். கை மெதுவாக வீசுகிறவர்களுக்கு அது ஒன்றும் கொடுக்காது, அதிர்ச்சியைத் தோளுக்கும் முழங்கைக்கும் அனுப்பும். கொஞ்சம் வளைகிற தண்டு ஆரம்பக்காரர்களுக்குத் துணை. டி.வி.யில் வருகிற வீரர்களின் பேட் பெரும்பாலும் விறைப்பு ரகம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீச்சு நமக்கு வந்த பிறகு அதை வாங்கலாம்.

நரம்பு: இழுவிசை குறைந்தால் உதை அதிகம், கூடினால் கட்டுப்பாடு அதிகம். கானர்ஸ், போர்க் கதையே இதுதான். ஷட்டிலுக்கு ஆரம்பத்தில் 20 முதல் 24 பவுண்டு போதும். சாம்பியன் 30 பவுண்டு போடுகிறார் என்று நாமும் போட்டால், ஓரத்தில் இரண்டு அடி பட்டதும் நரம்பு போகும், சில சமயம் ஃபிரேமும் சேர்ந்து போகும். இரண்டுக்கும் செலவு நம் பையிலிருந்துதான்.

கைப்பிடி: பிடித்ததும் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்க வேண்டும். ரொம்பப் பருமனானால் விரலால் திருப்ப முடியாது. ரொம்ப ஒல்லியானால் இறுக்கிப் பிடித்து இறுக்கிப் பிடித்து முன்கை நொந்துபோகும். சந்தேகமாக இருந்தால் ஒல்லியாகவே வாங்குங்கள். மேலே கிரிப் சுற்றிப் பெரிதாக்கலாம், பெரியதைச் செதுக்க முடியாது.

இந்த ஐந்தையும் பார்த்து வாங்குகிற ஒரு நடுத்தர விலை பேட், பார்க்காமல் வாங்குகிற மூன்று மடங்கு விலை பேட்டை விட நன்றாக உழைக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை, நண்பர்களே. டிப்ளமோ தானே என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. நாமே நம்மைப் பற்றி அப்படி நினைத்துக்கொள்வதும் உண்டு. லகோஸ்ட்டுக்கு ஆட்டம் பிறவியில் வரவில்லை. உடம்பு ஒத்துழைக்கவில்லை. இருபத்தைந்து வயதில் பெரிய ஆட்டம் முடிந்தே போயிற்று. கையில் மிச்சம் இருந்தது, ஒரு பொருளைப் பார்த்ததும் இது ஏன் இப்படி இருக்கிறது, வேறு மாதிரி இருந்தால் என்ன என்று கேட்கிற பழக்கம் மட்டும்தான். சட்டையைப் பார்த்துக் கேட்டார், பயிற்சியைப் பார்த்துக் கேட்டார், அறுபது வயதுக்குப் பக்கத்தில் மட்டையைப் பார்த்துக் கேட்டார். ஒர்க்‌ஷாப்பில் ஃபைல் பிடித்துத் தேய்க்கிற நமக்கும் அந்தக் கேள்வி கைக்கெட்டிய தூரத்தில்தான் இருக்கிறது. பெண்டிங் மெஷின் நம்மிடம் இருக்கிறது, குழாய் இருக்கிறது, நோட்டுக்கும் பஞ்சமில்லை. முதலில் உங்கள் ஆட்டத்தை எழுதுங்கள். அதற்கேற்ற மட்டை கடையில் கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் செய்யுங்கள்!